எம்.எல்.ஏ.வின் பிரமாணப் பத்திரத்தை வரிவரியாகப் படித்த அனுபவம்

2023 கடைசியில் என் மாமனாரின் நிலத்துக்கு நோட்டீஸ் வந்தது. ஊருக்கு வெளியே போடப்போகும் இணைப்புச் சாலைக்காக அவருடைய 62 சென்டில் 40 சென்ட் போகிறது, ஆட்சேபம் இருந்தால் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, பிரிவு 15(2) என்று போட்டிருந்தது. மாமா இரண்டு தடவை படித்துவிட்டு, "மாப்ள, மொதல்ல அளந்தப்ப நம்ம நெலத்துல கல்லு நடலையே, கொளத்துக்கு அந்தப் பக்கம்ல நட்டாங்க" என்றார். உண்மைதான். முதலில் சர்வேக்கு வந்தவர்கள் வேறு வழியாகத்தான் கல் நட்டுவிட்டுப் போனார்கள். நடுவில் எப்போதோ சாலை நகர்ந்திருக்கிறது. டீக்கடையில் கேட்டால் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: எம்.எல்.ஏ.வுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கிறது. எவ்வளவு இடம், யார் பேரில், எந்த சர்வே நம்பர் என்று அடுத்த கேள்வி கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை.

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். அடுத்தவர் பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பதுதான் பிழைப்பு. அதனால் இதையும் ஒரு கட்சிக்காரரின் கணக்கு போல உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன் (எங்கள் தொழிலில் கட்சிக்காரர் என்றால் கிளையன்ட், கொடி பிடிப்பவர் அல்ல). எம்.எல்.ஏ. எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று எழுதப்போவதில்லை. யாருடைய கணக்கைப் பார்த்தாலும் வழி ஒன்றுதான்.

தொடங்க வேண்டிய இடம் படிவம் 26. வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம். வேட்பாளர்கள் சொத்து விவரம் தர வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, நாடாளுமன்றம் அதை மட்டுப்படுத்தப் பார்த்து, 2003-இல் நீதிமன்றம் மறுபடி நிலைநிறுத்தியதால்தான் இந்தக் காகிதமே நம் கைக்கு வருகிறது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்த பக்கங்கள் அப்படியே கிடைக்கும். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் மைநேதா தளத்தில் அதையே அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். பெயர் தேடுவதற்கு அது வசதி. ஆனால் யாரோ பார்த்துத் தட்டச்சு செய்தது என்பதால் எதையும் எழுத்தில் கொடுக்கும் முன் ஸ்கேனோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'பகுதி ஆ' என்று ஒரு சுருக்கம் இருக்கும். பத்திரிகைகளில் வரும் 'சொத்து மதிப்பு இத்தனை கோடி' செய்தியெல்லாம் அந்தச் சுருக்கத்திலிருந்து எடுத்ததுதான். நமக்கு வேண்டிய சரக்கு முழுக்க 'பகுதி அ'-வில் இருக்கிறது.

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அப்போது ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது: ஐந்து வருடத்தில் சொத்து மூன்று மடங்கு. நானும் 2016, 2021 இரண்டு பத்திரங்களையும் எக்செல்லில் ஏற்றினேன். மூன்று மடங்கு என்பது ஏட்டளவில் சரிதான், பாதிக்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. 2016-இல் நிலத்தை ஏக்கர், சென்டில் எழுதியிருந்தார்கள். 2021-இல் ஹெக்டேர், ஏர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்று மாற்றிப் போட்டால் விஸ்தீரணம் ஏறக்குறைய அதேதான். மதிப்பு என்பது 'தோராயமான தற்போதைய சந்தை மதிப்பு', வேட்பாளர் தானாகப் போட்டுக்கொள்வது. ஒரு தேர்தலில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் விலை) போடுவார், அடுத்த தேர்தலில் ஊர் விலையைப் போடுவார். அந்த வழிகாட்டி மதிப்பையே அரசு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தது. அதே இடம், அதே ஆள், ஆனால் 2016-க்கும் 2021-க்கும் அளவுகோல் வேறு. ஆகவே மொத்தத் தொகை ஏறியதா இறங்கியதா என்பதில் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் பணக்காரர் ஆவதும், அவர் பதவியும் சொந்தக் காசும் ஒரே இடத்தில் மோதுவதும் வேறு வேறு விஷயம். நான் தேடியது இரண்டாவது.

அதற்குத் தொகைகளை விட்டுவிட்டுப் பெயர்களையும் தேதிகளையும் பார்க்க வேண்டும். அசையாச் சொத்து ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், பூர்வீகமா இல்லையா, வாங்கியிருந்தால் வாங்கிய தேதி, அன்றைய விலை எல்லாம் கேட்டிருக்கும். 2018-இல் லோக் பிரஹரி என்ற தன்னார்வ அமைப்பு போட்ட வழக்கின் தீர்ப்பை ஒட்டி வந்த மாற்றத்துக்குப் பிறகு வருமானம் எதிலிருந்து வருகிறது என்ற கேள்வியும், அரசோடும் பொது நிறுவனத்தோடும் (பப்ளிக் கம்பெனி) வேட்பாளருக்கோ மனைவிக்கோ அவர்களுடைய கூட்டு நிறுவனத்துக்கோ ஒப்பந்தம் இருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்தன. 2016 பத்திரத்தில் அவை கிடையாது. எங்கள் எம்.எல்.ஏ. ஒப்பந்தக் கட்டத்தில் எல்லா வரியிலும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அதோடு மூடி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையிருப்பைவிட 'வர வேண்டிய கடன்' என்ற தலைப்பில்தான் கண் போகும். படிவம் 26-இல் அசையும் சொத்துகளுக்குள் ஐந்தாவதாக ஒரு வரி இருக்கிறது: எந்த நபருக்கோ, நிறுவனத்துக்கோ, அறக்கட்டளைக்கோ கொடுத்த தனிக்கடன், முன்பணம். வங்கி வைப்பு, எல்.ஐ.சி., நகை இவற்றுக்கு நடுவில் இருப்பதால் யாரும் நின்று படிப்பதில்லை. அங்கே மனைவி பெயருக்கு நேராக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரும் முப்பது லட்சத்துக்கு மேல் ஒரு தொகையும் இருந்தன. 2016 பத்திரத்தில் அந்தக் கம்பெனி இல்லை. சந்தேகப்பட இதில் எதுவும் இல்லை, கடன் கொடுப்பது குற்றமா என்ன. ஆனால் பெயரைக் குறித்துக்கொண்டேன். அந்த வரியையும் பொறுப்புகள் பகுதியில் உள்ள 'வாங்கிய கடன்' வரியையும் கட்டாயம் படியுங்கள். குடும்பம் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது என்பது பத்திரம் முழுவதிலும் அங்கேதான் தெரியும்.

அடுத்தது நிலம். இதில்தான் பலரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். 'இன்னாருக்கு எங்கெங்கே இடம் இருக்கிறது' என்று ஆள் பெயரை வைத்து நம் பதிவுத்துறைத் தளத்தில் தேட வழியில்லை. கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால்தான் வில்லங்கம் பார்க்க முடியும். பத்திர ஆபீஸ் வாசலில் ஒருவர், பெயரை வைத்தே எடுத்துத் தருகிறேன் என்று ரூ.3,500 வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்து அவர் நீட்டியது, பிரமாணப் பத்திரத்திலேயே இருக்கும் சர்வே எண்களுக்கு ஆன்லைனில் எவரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய வில்லங்கப் பிரிண்ட். கேட்டதற்கு, "எம்.எல்.ஏ. மேட்டர்னு முன்னாடியே சொல்லலியே சார்" என்றார். பணம் திரும்பவில்லை.

அப்புறம்தான் ஆளிடமிருந்து நிலத்துக்குப் போகாமல், சாலையிலிருந்து ஆளுக்குப் போகலாம் என்று தோன்றியது. நோட்டீஸோடு வந்த அட்டவணையில் எடுக்கப்போகும் சர்வே எண்கள் வரிசையாக இருந்தன. இ-சேவைத் தளத்தில் எஃப்.எம்.பி. என்னும் புல வரைபடத்தை எடுத்து, அந்த எண்களை ஒட்டி, சாலை முகப்பு கிடைக்கப்போகும் பக்கத்து எண்களை எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் பட்டா, அப்புறம் வில்லங்கம். உட்பிரிவுதான் படுத்தும். பழைய கிரயப் பத்திரத்தில் வெறும் 3 என்று இருப்பது பிறகு 3ஏ, 3பி என்று பிரிந்திருக்கும். யு.டி.ஆருக்கு (1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய ஆவணம் என்றால் எண்ணே வேறாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதிலேயே போயின. வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது புதிய சாலை வளையும் இடத்துக்கு நேர் எதிரே, ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கான பட்டாவில் அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தது. வில்லங்கத்தில் 2019-இல் கிரயம்.

கம்பெனி யாருடையது என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். இயக்குநர்கள் பெயர் இலவசம். 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைக் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறந்து பார்க்கலாம், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டறிக்கைப் படிவத்தோடு பங்குதாரர் பட்டியல் இருக்கும், நிதிநிலை அறிக்கையில் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். முதலில் அவை இரண்டையும் இறக்குங்கள், தளம் எப்போது படுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இயக்குநர் இரண்டு பேரில் ஒருவர் எம்.எல்.ஏ.வின் மைத்துனர். இது ஊருக்கே தெரிந்த உறவு, நான் கண்டுபிடித்தது இல்லை. பதிவு அலுவலக முகவரியின் கதவு எண், பிரமாணப் பத்திரத்தில் மனைவியின் வணிகக் கட்டடம் என்று காட்டியிருந்த அதே கதவு எண். ஆனால் பங்குதாரர் பட்டியலில் மனைவி இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். கையில் இருப்பது என்ன? தம்பியின் கம்பெனிக்கு அக்கா கடன் கொடுத்திருக்கிறார், இடம் வாடகைக்கு விட்டிருக்கிறார், அதைத் தேர்தலின்போது மறைக்காமல் எழுதியும் இருக்கிறார்கள். நிலம் வாங்கியது முதல் சர்வேக்கும் முன்னால். சாலை வரும் என்று தெரிந்து வாங்கினார்கள் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆறுதலுக்கு ஒரு வக்கீலைப் பார்த்தேன், கன்சல்டேஷன் ரூ.2,000. இதை வைத்துப் பதவி நீக்கம் கேட்க முடியுமா என்றதற்கு அவர் சிரித்தார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவு, உறுப்பினர் தன் தொழிலில் தானே அந்த அரசோடு பொருள் சப்ளைக்கோ வேலைக்கோ ஒப்பந்தம் வைத்திருந்தால் மட்டும்தான் பிடிக்கும். மனைவி, மைத்துனர், நிலத்தின் விலை ஏற்றம் எதுவும் அதில் வராது. சொந்தப் பெயரில் இருந்தால்கூடப் பிடிப்பது சிக்கல்தான். ஹரியானாவின் கர்தார் சிங் பதானா வழக்கில் சுரங்கக் குத்தகை 9ஏ-வில் வராது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன் பெயரிலிருந்த கல்குவாரிக் குத்தகைக்காக இதே பிரிவில் புகார் போனபோதும், ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் ஆளுநருக்குக் கருத்து அனுப்பியதோடு சரி. பொய்யான பிரமாணப் பத்திரத்துக்கு 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. ஆனால் இங்கே பொய் எங்கே இருக்கிறது? 'சார்ந்திருப்போர்' என்றால் சொந்த வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி வாழ்பவர்கள் மட்டும்தான். சம்பாதிக்கும் மைத்துனரை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எம்.பி.க்களாவது பதவியேற்ற 90 நாளில் அவைத்தலைவரிடம் சொத்துக் கணக்கு தர வேண்டும். அந்த 75ஏ பிரிவு எம்.எல்.ஏ.க்களைத் தொடாது. கர்நாடகத்தில் எம்.எல்.ஏ.க்கள் ஆண்டுதோறும் லோக் ஆயுக்தாவிடம் கணக்குக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. 2021 பத்திரத்துக்குப் பிறகு அந்தக் கடன் என்ன ஆனது என்று எம்.எல்.ஏ. தரப்புக் காகிதத்தில் பார்க்க அப்போது எனக்கு வழியில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை காகிதத்தை வெளியில் வைத்துவிட்டு, அதைப் படித்தவன் அடுத்த அடி வைக்க ஒரு கதவையும் வைக்கவில்லை.

இதற்குள் விஷயம் கசிந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரிடம் கம்பெனி பெயரைச் சொல்லியிருந்தேன். அவர் ஊர்க்குழுவில் 'பினாமி நிலம், ஆதாரம் ரெடி' என்று போட்டுவிட்டார். மறுவாரம் அவருக்கு வக்கீல் நோட்டீஸ். எனக்குப் போன். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. "தம்பி, நீங்க ஆடிட்டர் ஆபீஸ்லதான இருக்கீங்க, அண்ணன் கேட்டாரு, சும்மா தெரிஞ்சுக்கத்தான்." சும்மா என்ற சொல்லை அவ்வளவு பயத்தோடு அதற்கு முன் கேட்டதில்லை. அன்று ராத்திரி மனைவி எல்லாவற்றையும் கிழித்துப் போடச் சொன்னாள், மாமாவும் "40 சென்ட் போனா போவுது மாப்ள, ஒங்க வேலைக்கு ஏதாவது வந்துரப் போவுது" என்றார். முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்றும் பார்க்கவில்லை, கட்சிக்காரர் கோப்பு எதையும் தொடவில்லை என்று காட்ட முடிந்ததால் அவர் கோபப்படவில்லை. நீங்கள் வங்கியிலோ பதிவுத்துறையிலோ ஆடிட்டரிடமோ வேலை பார்த்தால் இதில் கறாராக இருங்கள். பொதுமக்கள் பார்க்கும் வழியில் கிடைத்ததை மட்டும் தொடுங்கள், கிடைத்த அன்றே தேதியோடு பிரிண்ட் எடுத்து வையுங்கள். 'பினாமி', 'ஊழல்' என்ற சொற்களை வாயிலும் எழுத்திலும் கொண்டுவராதீர்கள். இன்ன ஆவணத்தில் இன்ன பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் அவதூறு வழக்குக்கு இடம் குறைவு.

கெடு முடிவதற்கு முன் ஆட்சேபம் ஒன்றை எழுதிக் கொடுத்து ஒப்புதல் சீல் வாங்கினோம். அதில் எம்.எல்.ஏ. பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழித்தடம் ஏன் மாறியது என்ற கேள்வி மட்டும். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. இங்கேதான் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். 'எம்.எல்.ஏ. தலையிட்டாரா' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'வழித்தடம் தொடர்பாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வந்த கடிதங்கள், கோப்புக் குறிப்புகள், சாலைத் திட்ட ஆலோசகர் அறிக்கையில் பரிசீலித்த மாற்று வழிகள், அவற்றின் நகல்' என்று ஆவணத்தைக் கேட்டேன். தனிநபர் சொத்து, வருமான வரி என்று எதுவும் கேட்கவில்லை. அதற்குத் தகவல் உரிமைச் சட்டத்திலேயே 8(1)(ஜெ) என்று ஒரு தடுப்பு ஏற்கெனவே உண்டு, 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. சாலைக் கோப்பு யாருடைய தனிப்பட்ட விஷயமும் இல்லை. முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

கோப்பில் எம்.எல்.ஏ.வின் கடிதம் இருந்தது. குளத்தின் கரையைச் சாலை தொடுகிறது, பொதுமக்கள் கோரிக்கைப்படி வழியை மாற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்று. காரணம் நியாயமானது, நீர்நிலையில் கை வைத்தால் நீதிமன்றம் விடாது. ஆனால் ஆலோசகர் அறிக்கையில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றாவது வழி குளத்தையும் தொடாது, வீடுகளையும் தொடாது, கம்பெனி நிலத்துக்கு முகப்பும் தராது. அதை ஏன் விட்டார்கள் என்று குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கடிதத்திலும் தன் குடும்பத்தின் பணம் போயிருக்கும் கம்பெனிக்கு அங்கே இடம் இருக்கிறது என்ற தகவல் இல்லை. என்னைக் கேட்டால் முரண்பாடு அங்கேதான் இருக்கிறது. நிலம் வைத்திருப்பதில் தப்பில்லை, கடிதம் எழுதுவதிலும் தப்பில்லை. இரண்டையும் ஒரே கை செய்யும்போது அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

விசாரணை நாளில் மாமாவோடு போனேன். பிரமாணப் பத்திரத்தின் அந்த ஒரு பக்கம், பட்டா, கம்பெனியின் இயக்குநர் பட்டியல், ஆலோசகர் அறிக்கையின் மூன்றாவது வழி, நான்கையும் ஒரே கோப்பில் வரிசையாகப் பின் அடித்திருந்தேன். அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்ததும் "இதெல்லாம் இங்க பேச முடியாது" என்று தள்ளி வைத்தார். கடைசித் தாளை மட்டும் எடுத்து நெடுநேரம் பார்த்தார். மூன்றாவது வழியைப் பரிசீலிக்காததற்கான காரணம் வேண்டும் என்ற எங்கள் வரியைப் பதிவு செய்துகொண்டார். சில மாதம் கழித்து, வழித்தடம் மறுஆய்வுக்கு அனுப்பப்பட்டிருப்பதாக ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கையகப்படுத்தும் அறிவிக்கையும் வரவில்லை, ரத்து என்றும் வரவில்லை. மறுஆய்வுக் கோப்பைக் கேட்டுப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் இல்லை, மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு நிற்கிறது. பத்திர ஆபீஸ் வாசலில் நின்றவருக்குக் கொடுத்தது, வக்கீல், சான்றிட்ட நகல்கள், சம்பளம் பிடித்த லீவு எல்லாம் சேர்த்து ரூ.18,000 பக்கம் ஆகியிருக்கிறது. அதில் உண்மையாகவே தேவைப்பட்டது கம்பெனி ஆவணத்துக்கான 100 ரூபாயும், ஸ்டாம்பும், நகல் கட்டணமும்தான். வக்கீலிடம் போனதை மட்டும் நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.